மேட்டில் மெதுவாக ஏறினால் ஹைலக்ஸ் பிக்கப் சூடாகிறது, எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் சரியாகுமா?

உலு லங்காட் பக்கம் செம்மண் மேட்டில் லோ கியரில் ஏறினால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, காராக் ஹைவேயில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அப்படியானால் குறை காற்றில்தான் இருக்கும். ஹைவேயில் ஓடும் வேகத்திலேயே காற்று கிடைத்துவிடும், மேட்டில் ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். ஹைவேயிலும் சூடானால் கதை வேறு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.

உடனே காசை இறைக்காதீர்கள். முதலில் ரேடியேட்டரில் காய்ந்து கிடக்கும் சேற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், ஏர்கான் கண்டென்ஸருக்கும் அதற்கும் நடுவில்தான் பாதி மண் ஒளிந்திருக்கும். அப்புறம் எஞ்சினைச் சூட்டோடு அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் விஸ்கஸ் கிளட்ச், அதாவது எஞ்சின் சுழற்சியை ஃபேனுக்குக் கடத்தும் பாகம், போய்விட்டது, பெரும்பாலும் உள்ளேயுள்ள சிலிக்கோன் எண்ணெய் கசிந்திருக்கும். அதை மாற்றினாலே பலருக்குத் தீர்ந்துவிடும்.

எலக்ட்ரிக்தான் வேண்டுமா, சரி, ஹாஃப்கட் கடையில், அதாவது பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடையில், ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) சேர்த்து எடுங்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் எவ்வளவு பெரிதானாலும் தண்டம். ரிலே, ஃபியூஸ், தடித்த வயர் கட்டாயம், ஆல்டர்னேட்டர் தாங்குமா என்றும் பாருங்கள். கையெட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் வையுங்கள், ஆற்றில் இறங்கும்முன் அணைக்காவிட்டால் இறக்கை தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.