முந்திரிகை வைன்: கண்ணாடியா, பிளாஸ்ரிக்கா?

கேள்வி: வீட்டுப் பந்தல் முந்திரிகைப்பழத்தில் (திராட்சையில்) வைன் போடப் போகிறேன். கண்ணாடிப் போத்தல்தான் வேண்டுமா, பிளாஸ்ரிக் வாளி போதுமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: இரண்டும் தேவை. முதல் ஐந்தாறு நாளுக்கு வாய் அகன்ற வாளிதான் வசதி. தோலும் சக்கையும் மேலே எழும்பித் தடித்துக்கொண்டு நிற்கும். நாளுக்கு இரண்டு தரம் அகப்பையால் அமுக்கிவிட வேண்டும். ஒடுங்கிய கழுத்துப் போத்தலில் அது நடக்காது. 10 லீற்றர் வாளியில் 7 லீற்றருக்கு மேல் விட்டால் நுரை பொங்கி வழியும். உணவுக்கு உகந்த வாளியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஊறுகாய் வாளி வேண்டவே வேண்டாம், அந்த மணம் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி தங்கும்.

பொங்கல் அடங்கியதும் வடித்து, கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்புங்கள். மாதக்கணக்கில் பிளாஸ்ரிக்கில் கிடந்தால் அதன் சுவரினூடாக ஒட்சிசன் மெல்லப் புகுந்து நிறமும் மணமும் கெடும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், நொதிக்கும்போது வரும் காபனீரொட்சைட்டு வாயு போக வழியில்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். மூடியில் மெல்லிய குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். கண்ணாடியைக் கொதிநீரால் கழுவ வேண்டாம், விரிசல் விடும். எங்கள் சித்திரை வெக்கைக்கு, போத்தலைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டு இருட்டறையில் வையுங்கள்.