ரிமோட் கார் சீக்கிரம் நின்றுவிடுகிறதா? புது பேட்டரி வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பள்ளி விடுமுறை வந்தாலே இந்தக் கேள்விகள் குவியும். வண்டியும் ஊரும்தான் வேறு, குறை ஒன்றுதான்: "சார்ஜ் நிற்பதில்லை, எந்த பேட்டரி வாங்கலாம்?" வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். பேட்டரி நன்றாக இருந்தும், வண்டியே கரண்டை அதிகமாக விழுங்கும் சங்கதியைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: பசார் மாலாமில் மகனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கினேன். பெட்டியில் 30 நிமிடம் ஓடும் என்று போட்டிருக்கிறது. 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (செந்தூல் வாசகி)

இல்லை அம்மா, வண்டியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் பேட்டரி மேல் 7.4 வோல்ட், 1200 எம்.ஏ.எச். என்று இருக்கிறது. அதாவது 1.2 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரம் வரும். பையன் விசையை முழுதாக அழுத்தி ஓட்டும்போது இந்த அளவு வண்டி சராசரியாக 7 ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி 10 நிமிடம்தான். பெட்டியில் இருக்கும் 30 நிமிடத்தை எட்ட, சமதரையில் மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். கூட வந்த யூ.எஸ்.பி. வயர் பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுதான் தரும். இந்த பேட்டரி நிறைய கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் பிடுங்கினால் பாதிகூட ஏறியிருக்காது. பெரிய போன் சார்ஜரில் செருகினாலும் வேகம் கூடாது, அந்த வயர்தான் அளவை முடிவு செய்கிறது. உங்கள் விஷயத்தில் இன்னொரு பேட்டரி வாங்குவது நியாயமான செலவு. வோல்ட்டும் பிளக்கும் அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: 1/10 அளவு பிரஷ்லெஸ் வண்டி, 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 5000 எம்.ஏ.எச். முன்பு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். இப்போது 12 நிமிடம்தான். வாரக் கடைசியில் பத்து பெரிங்கி கடற்கரையில் ஓட்டுவேன். பேட்டரி செத்துவிட்டதா? (பட்டர்வொர்த் வாசகர்)

இந்தக் கேள்விக்கு உங்கள் சார்ஜரே பதில் சொல்லும். பேட்டரி வோல்ட் இறங்கியதும் கரண்டைக் குறைக்கும் கட்-ஆஃப் வேலை செய்து வண்டி மெதுவாகும் வரை ஓட்டுங்கள். பேட்டரி ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். முடிந்ததும் எத்தனை எம்.ஏ.எச். உள்ளே போனது என்று திரையில் பாருங்கள். 4000க்குப் பக்கம் என்றால் பேட்டரி நலமாக இருக்கிறது, அத்தனையையும் கொடுத்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது. 12 நிமிடத்தில் 4000 என்றால் வண்டி சராசரியாக 20 ஆம்பியர் இழுக்கிறது என்று அர்த்தம். அதே 4000 முன்பு 20 நிமிடம் வந்தபோது 12 ஆம்பியர்தான் இழுத்திருக்கும். மாறாக 2000, 2500 மட்டுமே ஏறினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது பிளக்கில் வோல்ட் இழப்பு இருந்து கட்-ஆஃப் முன்கூட்டியே விழுந்திருக்கலாம்.

கடற்கரை வண்டி என்பதால், பேட்டரி நலமாக இருந்து வண்டிதான் கூடுதலாக இழுக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மணலில் உருட்டவே கூடுதல் சக்தி வேண்டும், அது ஒரு பக்கம். உப்பு ஈரம் பேரிங்குக்குள் புகுந்து துருப்பிடிக்க வைப்பதுதான் வண்டியை நிரந்தரமாகக் கெடுக்கிறது. பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பினியன், அதாவது மோட்டார் முனையில் இருக்கும் சின்ன பல்சக்கரம், பெரிய பல்சக்கரத்தில் படாமல் விலக்குங்கள். இப்போது சக்கரங்களை விரலால் சுழற்றிப் பாருங்கள். லேசாகச் சுழல வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ உடனே நின்றாலோ அந்தப் பக்கத்து பேரிங்கைக் கழற்றுங்கள். அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், கடற்கரையில் மீன்பிடி நரம்புகூடச் சுற்றிக்கொள்ளும். துருநீக்கும் ஸ்பிரே அழுக்கைக் கழுவத்தான் உதவும், மசகாக நிற்காது. கழுவிய பேரிங்குக்கு லேசான எண்ணெய் ஒரு சொட்டு போதும். அப்படியும் கரகரத்தால் மாற்றிவிடுங்கள். ஒரு செட் பேரிங், புது லிப்போவோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவுதான்.

மோட்டாரைத் திரும்பப் பொருத்தும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுழற்றி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாமல் பற்கள் இறுகியிருந்தாலே மோட்டார் திணறும்.

பிளக்கையும் மறக்காதீர்கள். ஓட்டி முடித்தவுடன் தொட்டுப் பாருங்கள். 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும், 8 வாட் சூடாக வீணாகும். கருத்துப்போன பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்பீடு வேண்டும் என்று 17 பல் பினியனை எடுத்துவிட்டு 21 பல் போட்டேன். இப்போது பாதி நேரம்தான் ஓடுகிறது, மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. (செராஸ், 16 வயது)

தம்பி, உடனே ஓட்டுவதை நிறுத்து. வண்டி கிளம்ப அதே தள்ளுவிசை வேண்டும் என்றால், 21 பல்லில் மோட்டார் சுமார் 24 சதவீதம் கூடுதல் கரண்ட் எடுக்க வேண்டும். சுருளில் வரும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதனால் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பும் கூடும், அதுவும் பேட்டரி கணக்கில்தான் விழும். 17க்கே திரும்பிப் போ. ஆசை விடவில்லை என்றால் 18 போட்டு, 3 நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்த பிறகு தொடரு. பெரிய டயர் மாட்டினாலும் இதே விளைவுதான், இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதே.

கேள்வி: பழைய 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியைப் புது வண்டியில் போட்டேன். 5 நிமிடத்தில் விட்டு விட்டு ஓடுகிறது. கழற்றி அளந்தால் சார்ஜ் இருக்கிறது. (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

வண்டியின் இ.எஸ்.சி. (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) லிப்போ மோடில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மோடில் 6.4 வோல்ட்டுக்குப் பக்கம் வந்தாலே அது கரண்டைக் குறைத்துவிடும். உங்கள் நிக்கல் பேட்டரியில் 6 செல். விசையை அழுத்தும் நேரத்தில் செல்லுக்கு 1.07 வோல்ட்டாக இறங்குவது அதற்குச் சாதாரணம், ஆனால் இ.எஸ்.சி. அதைத் தீர்ந்துபோன லிப்போவாக எடுத்துக்கொள்கிறது. சில இ.எஸ்.சி.யில் சின்ன ஜம்பரை மாற்றி மாட்ட வேண்டும், சிலவற்றில் பட்டனை அழுத்தி மோடு மாற்ற வேண்டும், கையேட்டைப் பாருங்கள். அப்புறம் லிப்போ போடும் நாளில் மறக்காமல் திருப்பி வையுங்கள். நிக்கல் மோடில் லிப்போவை ஓட்டினால் செல்லுக்கு 3 வோல்ட்டுக்கும் கீழே போய் அந்த பேட்டரி கெட்டுவிடும்.

கேள்வி: தித்திவங்சா பக்கம் ஓட்டுவோம். முடிந்ததும் கார் பூட்டில் வைத்து உடனே சார்ஜ் போடுவேன். 6 மாதத்தில் இரண்டு லிப்போவும் உப்பிவிட்டன. இன்னும் ஓடுகின்றன, பயன்படுத்தலாமா? (கோலாலம்பூர் வாசகர்)

வேண்டாம். உப்பிய லிப்போ ஓடினாலும் அது ஆபத்துதான். அதில் மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குத்திக் காற்றை வெளியேற்றவும் பார்க்காதீர்கள். முனைகளை டேப்பால் மூடி, வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஓடி முடிந்த பேட்டரி சூடாக இருக்கும். பொதுவாக லிப்போவை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு நிழலில் ஆறவிடுங்கள், பிறகு 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் அளவில், கண் முன்னால் வைத்து சார்ஜ் போடுங்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் சரி, பல சார்ஜர்களில் அதற்கென்றே ஸ்டோரேஜ் மோடு இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (குளுகோர் வாசகி)

லிப்போவுக்கு இது தவறு, 80 சதவீதம் செலவானதும் நிறுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது. அந்தப் பழக்கம் நிக்கல்-காட்மியம் காலத்தில் வந்தது. இப்போதைய நிக்கல் பேட்டரி பல மாதம் சும்மா கிடந்து சோர்ந்திருந்தால், இரண்டு மூன்று முறை மெதுவாகச் சார்ஜ் போட்டு ஓட்டிப் பாருங்கள், ஓரளவு மீளும். கூடவே கையில் இருக்கும் ரிமோட்டுக்கும் புது ஏஏ பேட்டரி போட்டுப் பாருங்கள். அது பலவீனமானாலும் வண்டி தூரத்தில் திக்கித் திக்கி நிற்கும், பழி வண்டி பேட்டரி மேல் விழும்.