டானிக் பாட்டிலை மூடி வையுங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதங்களுக்கு முன்பு 58 கிலோ இருந்தார், இப்போது 51. இரண்டு இட்லி வைத்தால் ஒன்றைப் பிட்டுப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். கேட்டால், "பசியே இல்லை, கட்டாயப்படுத்தாதே" என்கிறார். மாமனார் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சர்க்கரை முன்னைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லி டாக்டர் பசி டானிக் எழுதிக் கொடுத்தார். மூன்று பாட்டில் தீர்ந்தும் பலன் இல்லை. வயதானால் இப்படித்தானா? நான் சரியாகச் சோறு போடுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு.
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அக்கம்பக்கத்தார் பேசட்டும். இட்லியை எண்ணி, எடையையும் குறித்து வைத்திருக்கிறீர்கள்; பெற்ற பிள்ளைகளில் பலர் இவ்வளவு கவனிப்பதில்லை.

எடையைக் குறைக்க முயலாமலேயே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான கணக்கு. 58 கிலோவில் அது சுமார் மூன்று கிலோ. உங்கள் மாமியார் ஏழு கிலோ இழந்திருக்கிறார். வயதானால் பசி சற்று மந்தமாகும், உண்மைதான். ஆனால் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கும் அளவுக்கு இளைத்தால் பழியை வயதின் மேல் போடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது என்பதுதான். சாப்பிடாதவருக்குச் சர்க்கரை குறையாமல் என்ன செய்யும்? சிறுநீரகம் தளர்ந்தாலும் இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கி, சர்க்கரை இறங்கிவிடும். இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் 'நல்ல கட்டுப்பாடு' போலத்தான் தெரியும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிவிட்டு அரை இட்லியோடு எழுந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அளவை மாற்ற வேண்டுமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சிலருக்குப் பசியையே கெடுக்கும், வாயில் உலோகச் சுவையைத் தரும். எனவே மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அந்த டானிக்கையும் சேர்த்துத்தான். பசி டானிக்குகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கத்தையும் மனக் குழப்பத்தையும் தரக்கூடும். கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்து, மாமியாரிடம் பக்குவமாக ஒன்று கேளுங்கள்: பசி இல்லையா, பசித்தும் சாப்பிட முடியவில்லையா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், மருத்துவருக்கு அவை வெவ்வேறு பாதைகள். பசித்தும் முடியவில்லை என்றால் வாயிலிருந்து தொடங்க வேண்டும். பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்கும்போது சோறு அடைக்கிறது, இரண்டு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுகிறது என்றால், குழாய் விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

பசியே இல்லை என்றால் பட்டியல் நீளும். நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். சர்க்கரை நோயாளிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருமலே இல்லாமலும் வரும். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, இவ்வளவோடு சில முதியவர்களிடம் பதுங்கியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். முதியவர்களிடம் அதுவே பசியைக் கெடுத்து, ஆளைச் சோர்ந்து உட்கார வைப்பதும் உண்டு. சிறுநீரகம், கல்லீரல், இதயம் எது தளர்ந்தாலும் பசி போகும். புற்றுநோயா என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும், எழுதத் தயங்கியிருப்பீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. அதற்காக எடுத்த எடுப்பில் உடல் முழுவதற்கும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். இரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, கால்சியம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், இவற்றிலேயே பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். மலம் கறுப்பாகப் போவது, கண் மஞ்சளாவது, தொடர் வாந்தி, விழுங்க முடியாமை, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மாமனாரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒரு வரியாகத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகள் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்ட ஒருவருக்கு ஒற்றைத் தட்டு எப்படி இருக்கும்? விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறாரா? கோயிலுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் போன மனம் இப்போது எதிலும் போகவில்லையா? மனச்சோர்வு பல முதியவர்களிடம் அழுகையாக வருவதில்லை, "பசியில்லை" என்றுதான் வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. ஆனால் இதுதான் காரணம் என்று நாமே முடிவுகட்டி இரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. துக்கத்தில் இருப்பவருக்கும் காசநோய் வரும்.

எல்லாம் பார்த்தும் சுமார் நான்கில் ஒருவருக்குக் காரணம் பிடிபடாது. அப்படியானால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், அதே எடைக்கருவியில் நிறுத்தி எழுதி வையுங்கள். மூன்று வேளை என்ற கணக்கை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு முறை கொடுங்கள்: முட்டை, பால் சேர்த்த சத்துமாவுக் கஞ்சி, நெய் விட்ட பருப்புச் சாதம். இளைத்துக்கொண்டே போகிறவருக்குக் கடும் சர்க்கரைப் பத்தியம் தேவையா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் அறைக்குள் நீங்களும் போய், எடைக் குறிப்பைக் கொடுத்து, பார்த்ததைச் சொல்லுங்கள். பிறகு பத்து நிமிடம் வெளியே வந்து உட்காருங்கள். மருமகளுக்கு எதிரில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கலாம். அது உங்களைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.