தோட்டா மறுநிரப்பு: பவுடர் அளவு பற்றி வாசகர் கேள்விகள்

கே: புது பவுடர். எந்த அளவில் ஆரம்பிக்கலாம்?

பவுடர் அளவுகளைப் பட்டியலிடும் மேனுவலில் தொடக்க அளவு என்று எது போட்டிருக்கிறதோ, அதில். உச்ச அளவு மட்டும் இருந்தால் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர ரைபிள் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) என்றால் அரை அரை கிரெய்னாக (பவுடரை நிறுக்கும் எடை அலகு) ஏறலாம். உச்சத்தை நெருங்க நெருங்க அதிலும் பாதியாக ஏறுங்கள்.

கே: அப்படியானால் தொடக்க அளவுக்கும் வெகுவாகக் கீழே போனால் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை. பெரிய கேஸில் மெதுவாக எரியும் பவுடரைக் கொஞ்சமாகப் போட்டால் சரியாகப் பற்றாது. தாமதித்து வெடிக்கலாம், குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே போய்விடும்.

கே: 4831 பவுடருக்கு அதிகபட்சம் எவ்வளவு?

எந்த 4831? ஐஎம்ஆர் 4831 ஒன்று, ஹெச்4831 இன்னொன்று. எண் ஒன்று, எரியும் வேகம் வேறு. எந்தக் காலிபர், என்ன எடைக் குண்டு என்றும் நீங்கள் எழுதவில்லை. டப்பா லேபிளை முழுசாகப் படித்துவிட்டு மேனுவலைத் திறங்கள். என்னிடமோ நண்பரிடமோ அளவு கேட்காதீர்கள்.

கே: .308 ரைபிளில் உச்சத்துக்கு மேல் 1 கிரெய்ன் போட்டுச் சுட்டேன். பிரைமர் (கேஸின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகவில்லை, போல்ட் (ரைபிளின் பின்பூட்டு) லேசாகத் திறந்தது. இன்னும் ஏற்றலாமா?

ஏற்றக்கூடாது, இறக்குங்கள். இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தாலும் எனக்கு ஆறவில்லை. பிரைமர் என்ன, அழுத்தமானியா? .30-30 தோட்டாவுக்கு SAAMI (அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) வைத்திருக்கும் அழுத்த எல்லை சுமார் 42,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .308-க்கு 62,000. இரண்டிலும் போகிறது அதே லார்ஜ் ரைபிள் பிரைமர்தான். .308-இல் 55,000-இல் அது வட்ட ஓரம் கலையாமல் அழகாக இருக்கும். அதே 55,000 ஒரு .30-30-இல் ஏறினாலும் பிரைமர் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வீர்கள்?

மறுபக்கமும் உண்டு. ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து குழலுக்குள் கேஸ் முட்டி நிற்கும் இடம் வரையுள்ள தூரம்) கூடுதலாக இருந்தால் சாதாரண லோடிலேயே பிரைமர் தட்டையாகிவிடும். பிரைமர் மூடியின் உலோகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கேஸ் அடிப்பாகத்தில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் ஊசி) துளையின் தடம் பளபளவென்று தெரிந்தால், போல்ட்டைத் திறக்கக் கனத்தால், பிரைமர் உட்காரும் குழி தளர்ந்து புது பிரைமர் தடையே இல்லாமல் உள்ளே போனால், பித்தளை இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதெல்லாம் எல்லையைத் தாண்டிய பிறகு வரும் அடையாளங்கள். வரவில்லை என்பதால் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று ஆகாது.

வேகமானி வைத்துப் பாருங்கள். உங்கள் குழல் நீளம் மேனுவலில் சொன்னதுதான் என்றால், அதில் போட்ட உச்ச வேகம் வந்ததுமே உங்கள் உச்சமும் வந்துவிட்டது. தராசு 1 கிரெய்ன் குறைவாகக் காட்டினாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

கே: அதே எடைக் குண்டு, வேறு கம்பெனி. அதே அளவு போதுமா?

போதாது. குண்டின் நீளமும் உலோகமும் மாறினால் அழுத்தமும் மாறும். திரும்ப 10 சதவீதம் கீழே இறங்கி வாருங்கள். மேக்னம் பிரைமருக்கு மாறினாலும், உள்ளளவு குறைந்த ராணுவக் கேஸுக்கு மாறினாலும் இதே கதைதான். பவுடரின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினாலும் கொஞ்சம் இறங்கி ஏறுங்கள்.

கே: குளிரில் தயாரித்த லோடு வெயிலில் போல்ட்டைப் பிடிக்கிறது.

சூட்டில் பல பவுடர்களுக்கு அழுத்தம் ஏறும். மிச்சத்தைச் சுடாமல் பிரித்துவிட்டு, குறைத்து நிரப்புங்கள். உச்சத்தில் நிரப்பிய தோட்டாவை வெயிலிலோ சூடான சேம்பரிலோ (குழலில் தோட்டா உட்காரும் அறை) விட்டுவைக்காதீர்கள்.

கே: எலெக்ட்ரானிக் தராசு ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது.

ஃபேனை நிறுத்துங்கள், தராசு சூடாகும்வரை பொறுங்கள், செக் வெயிட் வைத்துச் சரிபாருங்கள். கிராமில் நிற்கிறதா கிரெய்னில் நிற்கிறதா என்றும் பாருங்கள். 1 கிராம் சுமார் 15 கிரெய்ன்.

கே: பவுடரை அளந்து கொட்டும் மெஷரின் ஹாப்பரில் (மேல் தொட்டி) போன மாதப் பவுடர் கிடக்கிறது. பார்த்தால் 4350 மாதிரி இருக்கிறது.

மாதிரி இருக்கிறதா? கண்ணால் பார்த்துப் பவுடரைச் சொல்ல யாராலும் முடியாது. அது எந்தத் தோட்டாவுக்குள்ளும் போகக்கூடாது, முறைப்படி அழித்துவிடுங்கள். இனி மேசைமேல் ஒரே ஒரு டப்பா இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஹாப்பரில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டு எழுந்திருங்கள்.