சின்ன அறை, ஒற்றை ஃபிளாஷ்: முகம் ஏன் தட்டையாக விழுகிறது?

கேள்வி: வேளச்சேரியில் வாடகை வீடு. 10க்கு 12 அடி அறையில் வீட்டாரை உட்காரவைத்து போர்ட்ரெய்ட் எடுத்துப் பழகுகிறேன். ஒரு ஸ்பீட்லைட் (கையடக்க ஃபிளாஷ்), அதைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் டிரிக்கர், ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் 43 இஞ்ச் வெள்ளைக் குடை இருக்கின்றன. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்தும் முகம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் வருகிறது. சில படங்களில் ஓரமாகக் கறுப்புப் பட்டை வேறு. பெசன்ட் நகர் கடற்கரையிலும் எடுக்க ஆசை.

பதில்: பட்டை சின்ன விஷயம். ஷட்டர் வேகம் சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டியிருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி. அதற்கு மேலே போனால் ஷட்டரின் முதல் திரை முழுசாகத் திறக்கும் முன்பே அடுத்த திரை மூடத் தொடங்கிவிடும். அது மறைத்த இடம் கறுப்பாகிறது. 1/200லேயே நில்லுங்கள்.

தட்டைக்குக் காரணம் அறைதான். ஒளி ஊடுருவும் குடை முன்னால் விடுகிற அளவு இல்லாவிட்டாலும் பின்பக்கமும் நிறைய சிதறும். அது வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி நிழல்களை எல்லாம் நிரப்பிவிடுகிறது. சுவர் பச்சை டிஸ்டெம்பர் என்றால் கன்னத்திலும் பச்சை ஏறும். கேமரா, ஃபிளாஷ் இரண்டையும் மேனுவலில் வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 5.6இல் ஒரு படம் எடுங்கள். டியூப்லைட் எரிந்தாலும் படம் ஏறக்குறைய கறுப்பாகத்தான் வரும், வரவும் வேண்டும். பிறகு ஃபிளாஷை 1/8 பவரில் போட்டு, தேவைக்கேற்ப ஏற்றி இறக்குங்கள். இனி படத்தில் தெரிவதெல்லாம் ஃபிளாஷ் வெளிச்சம் மட்டுமே.

அடுத்து தூரம். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பயந்துகொண்டு குடையை எட்ட வைப்பார்கள். எட்டப் போகப் போக வெளிச்சம் கடுமையாகும், அறை முழுக்கவும் பரவும். முகத்திலிருந்து 1 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள், ஃபிரேமுக்குள் வராத அளவுக்கு. குடையிலிருந்து முகம் 1 மீட்டர், பின்சுவர் 2 மீட்டர் என்றால் சுவருக்குக் கிடைப்பது கால்பங்கு, அதாவது 2 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). வெள்ளைச் சுவர் சாம்பலாகிவிடும். குடை 2 மீட்டரில், சுவர் 3 மீட்டரில் இருந்தால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

குடையைப் பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள். இரண்டு கண்ணிலும் வெளிச்சப்புள்ளி தெரிய வேண்டும், மூக்கின் நிழல் உதட்டைத் தொடக்கூடாது. புள்ளி காணவில்லையா, ஸ்டாண்டை இறக்குங்கள். கண்ணாடி போட்டவர் என்றால் ஏற்றிவிட்டு, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். இன்னும் தட்டையாக இருந்தால் குடைக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தருகே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியே போதும். நிழல் அதிகமாகிவிட்டால் அதே இடத்தில் தெர்மோகோல் அட்டை.

மாநிற முகத்தை வெளுப்பாக்கப் பவரைக் கூட்டாதீர்கள். நெற்றியும் மூக்கும் வெளிச்சம் மிஞ்சி வெறும் வெள்ளையாகிவிடும், வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றி எப்படியும் மின்னும். பவுடருக்கு முன் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கடற்கரையில் கணக்கு மாறும். கடல் நமக்குக் கிழக்கே. மாலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், ஆள் கண்ணைச் சுருக்குவார். ஆளுக்குப் பின்னால் சூரியன் வேண்டுமென்றால் விடிகாலையில்தான். முதலில் வானம் சரியாகத் தெரியும்படி எக்ஸ்போஷர் (படத்துக்கான வெளிச்ச அளவு) வையுங்கள். 1/200ஐ விடாமல் அப்பர்ச்சரை எஃப் 8, எஃப் 11 என்று மூடினால் போதும். அப்புறம் ஃபிளாஷ். வெயில் ஏறினால் குடை வழியாக வரும் ஸ்பீட்லைட் பத்தாது. ஹைஸ்பீட் சிங்க் (சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் போட உதவும் வசதி) போட்டால் பவர் இன்னும் குறையும். குடையைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷில் எடுப்பதே மேல், கொஞ்சம் கடுமையாக இருந்தாலும். காற்றில் குடை ஸ்டாண்டோடு சாயும் வாய்ப்பும் இதனால் குறையும். இருந்தாலும் மணல் மூட்டை கட்டுங்கள், அல்லது ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேராகப் போனால் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.