வாசகர் கேள்வி–பதில்: கோடிக்கு எத்தனை மூட்டை?

கேள்வி: போஸ்டரில் ‘மூன்றே நாளில் 100 கோடி’ என்கிறார்கள். எங்கள் ஊர்த் தியேட்டரில் திங்கட்கிழமை மேட்னிக்கு முப்பது பேர்கூட இல்லை. எது பொய்?
– ஆர்.எஸ்., கும்பகோணம்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். போஸ்டரில் போடுவது கிராஸ், அதாவது உலகம் முழுக்க கவுன்டரில் வாங்கிய மொத்தப் பணம். அதில் முதலில் கை வைப்பது வரி. டிக்கெட்டின் அடிப்படை விலை 100 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18 (2025 செப்டம்பர் 22 முதல் இப்படி). உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. வரி போக நிற்பது நெட். அதைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். விநியோகஸ்தர் பக்கம் வருவதுதான் ஷேர். பெரிய நடிகர் படமென்றால் முதல் வாரம் 70 சதவீதத்தை ஒட்டிக் கேட்பார்கள். பிறகு 60, 50 என்று இறங்கும். படத்துக்குப் படம் பேரம் மாறும். வெளிநாட்டு வசூலில் இங்கே வந்து சேருவது பாதிக்கும் குறைவு. எல்லாம் கழித்துப் பார்த்தால் 100 கோடி கிராஸுக்கு 45 கோடியை ஒட்டித்தான் ஷேர் நிற்கும். விளம்பரச் செலவு, விநியோகஸ்தர் கமிஷன் எல்லாம் அதற்குள்ளேதான்.

நம் பக்கம் டி.டி. ஏரியா, திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்த விநியோகப் பகுதி. படம் இங்கே மூன்று விதமாகக் கைமாறும். எம்.ஜி. (மினிமம் கேரன்டி) என்றால் விநியோகஸ்தர் ஒரு தொகையை எண்ணி வைத்துவிட வேண்டும். படம் படுத்தால் நஷ்டம் அவருடையது. அட்வான்ஸ் முறையில் வசூலாகாத பாக்கியைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும் (தருகிறாரா என்பது வேறு கதை). கமிஷன் முறையில் வெளியிட்டுக் கொடுத்ததற்குக் கூலி மட்டும். வெற்றி விழா நடக்கும்போதே ஏரியாக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறார் என்றால், பெரும்பாலும் எம்.ஜி.யை ஏற்றிக் கொடுத்து வாங்கியிருப்பார்.

இனி உங்கள் முப்பது பேர். படப்பெட்டி ஊர் ஊராகப் போன காலத்தில் படம் ஓடிய நாட்களைத்தான் எண்ணினார்கள். மாயவரத்துக்காரர் தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. இன்று ஒரே காலையில் கும்பகோணம், பட்டுக்கோட்டை, திருவாரூர் என்று எல்லா ஊரிலும் அதே படம். பார்க்க நினைத்தவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவார். ஆகவே முதல் திங்கட்கிழமை மேட்னியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது சனிக்கிழமை இரவுக் காட்சியை எட்டிப் பாருங்கள். அங்கே ஆள் இருந்தால் படம் நிற்கும்.

கேள்வி: ஒரு மனிதரிடம் 5 லட்சம் கோடி ரூபாய் சொத்து என்கிறார்களே, கற்பனைக்கே எட்டவில்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.
– கே.எம்., வலங்கைமான்

பதில்: நெல்லில் சொல்கிறோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 கண்டால் நல்ல விளைச்சல், 24 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய் (2025–26 விலை). ஏக்கருக்கு 60,000. மேட்டூர் தண்ணீர் பாயும் சுமார் 16 லட்சம் ஏக்கரிலும் ஒரு பயிர் சாயாமல், ஒரு மூட்டை ஈரப்பதம் சொல்லித் திரும்பாமல், வீட்டுக்கு ஒரு படிகூட எடுக்காமல் போட்டால் வருவது 9,600 கோடி. செலவு கழிக்கவில்லை. டெல்டா மொத்தமும் இப்படி 52 சம்பா விளைந்தால் உங்கள் 5 லட்சம் கோடி வரும்.

ஆனால் இது பெட்டியில் இருக்கும் பணமில்லை. கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையை அன்றைய பங்கு விலையால் பெருக்கி வரும் தொகை. ஒருவரிடம் 50 கோடிப் பங்கு, விலை 400 ரூபாய் என்றால் சொத்து 20,000 கோடி. விலை 40 ரூபாய் இறங்கினால் ‘ஒரே நாளில் 2,000 கோடி இழந்தார்’ என்று செய்தி. அவர் வீட்டில் காபி வழக்கம்போல வந்திருக்கும்.

விற்றால்தான் லாபத்துக்கு வரி. பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் 12.5 சதவீதமும் மேல்வரியும். அதனால் விற்பதில்லை. பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கிச் செலவழிப்பதும் உண்டு. கடனுக்கு வருமான வரி கிடையாது. நாம் நகையை வைத்து உரம் வாங்குகிறோமே, வழி ஒன்றுதான், வட்டிதான் வேறு. இந்த வித்தை கெடுவது பங்கு சரியும்போது. கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார், இல்லையென்றால் அடகுப் பங்கைச் சந்தையில் தள்ளுவார், அதனால் விலை இன்னும் சரியும். செத்தபின் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் வரி 1985-லும், மொத்தச் சொத்து மதிப்புக்குப் போட்ட செல்வ வரி (ஊராட்சி, நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி அல்ல) 2015-லும் எடுக்கப்பட்டுவிட்டன. இரண்டாவதை எடுத்ததில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பணக்காரரைத் திட்டிக்கொண்டே அவர் வீட்டுக் கல்யாண வீடியோவை மூன்று மணி நேரம் பார்க்கிறார் என் கணவர்.
– வி.ஜே., மன்னார்குடி

பதில்: மொய் எழுதாமல் பார்க்கிற ஒரே கல்யாணம். விட்டுவிடுங்கள் அம்மா.

கேள்வி: சினிமா செல்வாக்கு இருந்தால் டெல்டாவில் ஜெயித்துவிடலாமா?
– பி.டி., திருவையாறு

பதில்: உங்கள் தொகுதியே பதில் சொல்லியிருக்கிறது. சூரக்கோட்டையில் நிலமும் வீடும் வைத்திருந்த சிவாஜி கணேசன், 1988-இல் தனிக்கட்சி கண்டு, 1989-இல் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அ.தி.மு.க. அணியோடு சேர்ந்து திருவையாற்றில் நின்றார், தி.மு.க.விடம் தோற்றார். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 250, 300 வாக்குச்சாவடி. ஒவ்வொன்றிலும் காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து மாலை இயந்திரத்துக்கு சீல் வைக்கும்வரை உட்கார ஓர் ஏஜென்ட், மாற்றுக்கு ஒருவர், வெளியே பட்டியலைப் பார்த்து வராதவரைக் கூப்பிட நாலு பேர். கணக்குப் போட்டால் குறைந்தது 1,500 பேர் வேண்டும். எம்.ஜி.ஆருக்குத் தி.மு.க.வில் இருந்தபோதே பழகிய ஆட்கள் கிடைத்தார்கள்.

கேள்வி: வேட்பாளரின் சொத்து விவரத்தை நாமே சரிபார்க்க முடியுமா?
– என்.கே., திருத்துறைப்பூண்டி

பதில்: முடியும். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். அவர் முன்பு நின்றிருந்தால் அந்தப் பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து வருட வித்தியாசம்தான் பேசும். நிலத்துக்கு சர்வே எண் போட்டிருப்பார்கள். தமிழக அரசின் இ-சேவை நிலத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்துப் பட்டா பாருங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம். ஒன்றை மறக்காதீர்கள்: படிவத்தில் கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்போர், கூட்டுக் குடும்பம் இவர்கள்தான் வருவார்கள். தனியாகச் சம்பாதிக்கும் மகனும் மைத்துனரும் வரமாட்டார்கள். பெரிய ஓட்டை அங்கேதான். தெரிந்தே பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாகப் படிவத்தில் ‘விவசாய வருமானம்’ என்று எழுதும் இடம். மத்திய வருமான வரி அதற்கு இல்லை என்பதால் எதையும் அங்கே கொட்டலாம். ஆனால் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு எல்லை உண்டு. நில உச்சவரம்பு 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) இருந்து, 1970-இல் 15 ஆனது. 15 ஏக்கர் என்றால் இரண்டேகால் வேலி. குறுவை, தாளடி இரண்டும் குறையில்லாமல் விளைந்தாலும், மேலே சொன்ன கணக்கில் 18 லட்சம். உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை போகப் பாதி நின்றால் அதிர்ஷ்டம். யாராவது அந்த நிலத்தில் 80 லட்சம் எடுத்ததாக எழுதியிருந்தால், விதைநெல் எங்கே வாங்கினார் என்று விசாரித்து எங்களுக்கும் ஒரு தபால் போடுங்கள்.