யோசேப்பின் தகப்பன் யார்? வம்ச அட்டவணையும் பட்டங்களும்: கேள்வி-பதில்

மரியாளின் கணவன் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு என்று மத்தேயு சொல்கிறார், லூக்கா ஏலி என்கிறார். எது சரி?

இரண்டு பட்டியல்களும் தாவீதோடு பிரிகின்றன. மத்தேயு சாலொமோன் வழியாக அரசர்களைத் தொட்டு வருகிறார். லூக்கா, தாவீதின் இன்னொரு மகனான நாத்தான் வழியாகப் போகிறார். நடுவில் சலாத்தியேல், செருபாபேல் ஆகியோரிடம் சேர்ந்து, மறுபடியும் பிரிகின்றன.

பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனுக்குச் சந்ததி எழுப்பும் சட்டம் உபாகமம் 25-இல் இருக்கிறது. அதன்படி ஒருவர் பெற்ற தகப்பன், மற்றவர் சட்டப்படியான தகப்பன் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் விளக்கினார். லூக்கா தருவது மரியாளின் வம்சம் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் லூக்கா 3:23-இல் இருப்பது யோசேப்பின் பெயர்தான், மரியாளின் பெயர் இல்லை. முதல் விளக்கத்துக்குச் சட்டத்தின் துணையாவது இருக்கிறது. இரண்டையும் நிரூபிக்க முடியாது.

இவற்றைப் பிறப்புப் பதிவேடாக வாசிப்பதில்தான் சிக்கல். இன்னாருக்கு இன்ன உரிமை உண்டு என்று நிலைநாட்டுவதே அந்தக் கால வம்ச அட்டவணையின் வேலை. ஆபிரகாமில் தொடங்கும் மத்தேயு இஸ்ரவேலின் அரசனைக் காட்டுகிறார். ஆதாம் வரை பின்னோக்கிப் போகும் லூக்காவின் கண் மனித குலம் முழுவதன்மேலும் இருக்கிறது.

மத்தேயுவில் சில அரசர்களைக் காணோமே?

யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் விடப்பட்டிருக்கிறார்கள். 1 நாளாகமம் 3-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு வேண்டும் என்பதற்காகச் சுருக்கியிருக்கிறார். அப்படியும் கடைசி அடுக்கில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதாவின் அரசன் எகோனியாவைச் சேர்க்காமல் எண்ணினால் 13 பெயர்தான் வரும்!

எகோனியாவின் சந்ததியில் யாரும் சிங்காசனம் ஏற மாட்டார்கள் என்று எரேமியா 22:30 சொல்கிறதே. அந்த வம்சத்தில் வந்தவர் எப்படி மேசியா ஆக முடியும்?

நல்ல கேள்வி. அதே அதிகாரத்தின் 24-ஆம் வசனத்தில், முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று எகோனியாவுக்குச் சொல்லப்படுகிறது. ஆகாய் 2:23-இல் அவனுடைய பேரன் செருபாபேலிடம், உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார் கர்த்தர். எறிந்த மோதிரம் திரும்பி வருகிறது. தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவே இல்லை. மரியாளிடத்தில் பிறந்தார் என்கிறார். ஆனால் தூதன் யோசேப்பைத் தாவீதின் குமாரனே என்று அழைத்து, பிள்ளைக்குப் பெயரிடச் சொல்கிறான். பெயரிட்டவன் தகப்பன் ஆகிறான். தாவீதின் உரிமை அப்படித்தான் வந்து சேர்கிறது.

மனுஷகுமாரன் என்றால் மனிதத்தன்மை, தேவகுமாரன் என்றால் தெய்வத்தன்மை. இப்படிப் புரிந்துகொள்ளலாமா?

ஞாயிறு பள்ளியில் கற்றுத்தரும் சூத்திரம் இது. வேதத்தில் பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது.

எசேக்கியேலைத் தேவன் "மனுபுத்திரனே" என்று தொண்ணூறு தடவைக்கு மேல் கூப்பிடுகிறார். அங்கே அது வெறும் மனிதன்தான். தானியேல் 7:13-இல் மேகங்களுடன் வரும் மனுஷகுமாரனுக்கு ஒத்தவருக்கோ நித்திய கர்த்தத்துவம் கொடுக்கப்படுகிறது. மாற்கு 14-இல் நடக்கும் விசாரணையில் இயேசு இந்த மேகங்களைச் சொன்னதும் பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தேவதூஷணம் என்கிறான். வெறும் மனிதன் என்று சொல்லிக்கொண்டதற்கு யாராவது துணியைக் கிழிப்பார்களா?

மறுபக்கம், இஸ்ரவேல் தேசமே தேவனுடைய குமாரன் (யாத்திராகமம் 4:22). தாவீதின் வாரிசான அரசனும் குமாரன் (2 சாமுவேல் 7:14). லூக்காவின் பட்டியலும் ஆதாமைத் தேவனுடைய குமாரன் என்று சொல்லியே முடிகிறது. யோவான் சுவிசேஷம் இதற்கெல்லாம் மேலே போகிறது என்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்காமல் பட்டத்துக்கு ஒரே அர்த்தம் ஒட்டாதீர்கள்.

மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். அப்படியானால் கோரேசும் அபிஷேகம் பண்ணப்பட்டவனா?

ஆம், ஏசாயா 45:1. பெர்சிய ராஜா, கர்த்தரை அறியாதவன். ஒரு வேலைக்காகக் கொடுத்த பட்டம்.

மெல்கிசேதேக்குக்குத் தகப்பனும் தாயும் இல்லை என்பது நிஜமா?

ஆபிரகாமை ஆசீர்வதித்த ராஜாவும் ஆசாரியனும் அவன். ஆதியாகமம் அவனுக்கு வம்ச வரலாறு தரவில்லை. எபிரெயர் 7 அந்த மௌனத்தை வைத்துத்தான் வாதிடுகிறது. எஸ்றா 2:62-இல் வம்ச அட்டவணையில் பெயர் இல்லாத ஆசாரியர்கள் விலக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் வாதத்தின் துணிச்சல் தெரியும். இயேசு யூதா கோத்திரம், லேவி அல்ல. சட்டப்படி அவர் ஆசாரியர் ஆக முடியாது. அதனால் வம்சமே கேட்காத மெல்கிசேதேக்கின் முறைமையை நிருபம் சங்கீதம் 110-இலிருந்து எடுக்கிறது.